மூடியைக் கழற்றியது யார்?

2009-ஆம் வருஷம் என் சொந்த ஊரில் நான் ஒரு சிறிய வீடு கட்டியபோது, சுவர் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்ட பெரிய கொத்தனார், ஒவ்வொரு நாள் காலையிலும், சித்தாட்கள் வந்து மணல் சலிக்கத் தொடங்குவதற்கு முன்பே, தன்னந்தனியாகச் சாரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வருவார். சவுக்குக் கழிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் பிணைத்த பழைய காலத்துச் சாரம் அது. ஒவ்வொரு நிலைக்கழியையும் தோளால் ஒரு முட்டு முட்டிப் பார்ப்பார். குறுக்குக் கழி வந்து சேரும் ஒவ்வொரு முடிச்சிலும் பெருவிரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் உள்ளே போய்விட்டால், ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவார். பிறகு, நிற்கும் பலகையின் இரு நுனிகளையும் மாறி மாறி மிதித்து, அது துள்ளாமல் கிடக்கிறது என்று திருப்தியடைந்த பின்னர்தான் கரணையைக் கையில் எடுப்பார். அவர் தலையில் ஒரு துண்டு இருந்ததே தவிர, கவசம் ஏதும் கிடையாது. 40 வருஷங்களுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தும் தாம் ஒரு தடவைகூடச் சாரத்திலிருந்து விழுந்ததில்லை என்பதை, கடைக்காரர் கணக்கு ஒப்பிப்பதுபோல, சாதாரணமாகச் சொல்வார்.

அதே வீட்டில், மாடிப்படியின் ஓரமாக அளவு தவறி நீண்டுவிட்ட காங்கிரீட் விளிம்பு ஒன்றை வெட்டி எடுப்பதற்காக மேஸ்திரி ஓர் இளைஞனை அழைத்து வந்தார். இருபது வயது நிரம்பியிராது. அவன் கையில் இருந்தது, இன்று எந்தக் கட்டட வேலையிலும் காணக்கூடிய 4 அங்குலக் கட்டிங் மெஷின். அதன் வட்டு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். அந்தக் கணக்கில் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. வட்டு எப்போதாவது உடைந்தால் துண்டுகள் பிடித்திருப்பவன் மேல் பாயாமல் தடுப்பதற்காக, அதில் ஏறக்குறைய பாதியை மறைத்து ஓர் இரும்பு மூடி பொருத்தியிருக்கும். வெட்டவேண்டிய ஆழமோ 4 அங்குல வட்டுக்கு எட்டாதது. ஆகவே, இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் அன்றாடம் செய்வதையே அவனும் செய்தான்: மூடியைக் கழற்றிவிட்டு, அதே மெஷினில் 7 அங்குல வட்டை மாட்டினான். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்றுக்கு மேல் ஓட்டலாகாது என்று அந்த வட்டின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். சின்ன மெஷின் அதை 11,000 சுற்றில் சுழற்ற முற்படும்போது விளிம்பின் வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரை எட்டும். பத்து நிமிஷம் போல வெட்டியிருப்பான். வட்டு பிளவுக்குள் லேசாகச் சாய்ந்து, இறுகி, வெடித்தது. ஒரு துண்டு எதிர்ச்சுவரின் பூச்சைப் பெயர்த்தது. மற்றொன்று அவனுடைய இடது முன்கையைக் கிழித்தது. உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் அந்தக் கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதன் பிறகு மடங்கவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம், ரத்தக் கறையை மணல் தூவி மறைத்துவிட்டு எல்லோரும் பேச்சற்று உட்கார்ந்திருந்த வேளையில், “பையன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்” என்று நான் சொன்னேன். இத்தகைய சமயங்களில் வீட்டுக்காரர்களும் முதலாளிகளும் சொல்லும் வாக்கியம் அது, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். பெரிய கொத்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மூடியக் கழட்டுனது அவன்தான் ஐயா, இல்லேங்கல. பெரிய மெஷின வாடகைக்கு எடுப்போம்னு மேஸ்திரி வந்து கேட்டாரே, ஒரு நாள் வேலைக்கு எதுக்கு முந்நூறு ரூவான்னு நீங்கதானே வேண்டாம்னீங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொல்லி மேஸ்திரியைத் திருப்பி அனுப்பியவன் நான். ‘சமாளிப்பது’ என்பதன் பொருள் ஒரு மூடியைக் கழற்றுவதுதான் என்பதை அறிந்துகொள்ள நான் முயலவில்லை.

தனிமனிதப் பொறுப்பு என்னும் பெரிய வார்த்தையை அன்று முதல் என்னால் இலகுவாக உச்சரிக்க முடிந்ததில்லை. பொறுப்பு என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பெரிய கொத்தனாரின் பெருவிரலைக் கண்ணால் கண்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் அந்த விரல் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரம் அவருடையதாக இருந்தது. அவரோடு நான் பேசியிருந்தது நாள்கூலி. சாரம் சரியில்லை என்றால் ஏறமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் அவருடைய வயதுக்கும் வித்தைக்கும் இருந்தது. அவரை எதிர்த்துப் பேச மேஸ்திரிக்கும் துணிவில்லை. அந்த இளைஞனோடு பேசியிருந்தது, விளிம்பை வெட்டிக் கொடுத்தால் இவ்வளவு என்று. பகலுக்குள் முடித்தால் மாலையில் வேறொரு வீட்டு வேலையைப் பிடிக்கலாம். மெஷின் மேஸ்திரியுடையது, வட்டு அவர் கொடுத்தது, அவகாசம் என்னால் குறுக்கப்பட்டது. இவற்றில் ஒன்றைக்கூட மாற்றும் சக்தி இல்லாத ஒருவனிடம், ஜாக்கிரதையை மட்டும் முழுசாக எதிர்பார்த்தோம்.

இந்த எதிர்பார்ப்புக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1837-இல் இங்கிலாந்தில், கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பணியாள், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, எஜமானர் மேல் வழக்குத் தொடர்ந்தான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். மேல்விசாரணையில் நீதிபதி அபிஞ்சர் பிரபு அதை ரத்துச் செய்தார். வண்டியின் நிலைமை எஜமானருக்குத் தெரிந்த அளவு பணியாளுக்கும் தெரிந்திருக்கும், அபாயம் என்று தோன்றியிருந்தால் அவன் ஏற மறுத்திருக்கலாமே என்பது அவர் கண்ட நியாயம். மறுத்தால் அன்றைய சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டவில்லை. அந்தத் தீர்ப்பின் வழியே வளர்ந்த சித்தாந்தம், தொழிலாளி அபாயத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறான் என்று பல தலைமுறைகளுக்கு முதலாளிகளைக் காத்தது. நம் நாட்டில் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் 1938-ஆம் வருஷத்து முதலாளிகள் பொறுப்புச் சட்டமும் வந்த பிறகுதான் அதன் பிடி தளர்ந்தது.

சட்டத்தில் தளர்ந்த பிடி, புள்ளிவிவரத்தின் ரூபத்தில் மறுபடி இறுகியது. அமெரிக்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹெய்ன்ரிச் என்பவர், 75,000 விபத்து அறிக்கைகளைப் படித்து, 1931-இல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 சதவீதம் மனிதர்களின் அபாயகரமான செய்கைகளாலும், 10 சதவீதம் அபாயகரமான சூழ்நிலைகளாலும், மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவையாகவும் ஏற்படுகின்றன என்று அறுதியிட்டார். உலகமெங்கும் தொழிற்சாலைப் பயிற்சி வகுப்புகளில் இந்த 88 என்னும் எண் மந்திரம்போல ஓதப்பட்டது, இன்றும் ஓதப்படுகிறது. ஆனால் அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் யார் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்களும் ஆலை உரிமையாளர்களும். விழுந்தவனின் சாட்சியம் அதில் இல்லை. என் வீட்டு விபத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தால் மேஸ்திரியும் நானும்தான் எழுதியிருப்போம்; ‘பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி கழற்றினார்’ என்று ஒரே வரியில், ஒரு பொய்யும் கலக்காமல், எழுதி முடித்திருப்போம். முந்நூறு ரூபாய் வாடகை அதில் இடம்பெற்றிருக்காது.

நம்முடைய 1923-ஆம் வருஷத்துச் சட்டம் இந்த விஷயத்தில் காட்டிய விவேகத்தை நான் பிற்பாடுதான் படித்து அறிந்தேன். குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோ, தனக்காக வைக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினாலோ, அதனால் நேரும் காயத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று அது தொழிலாளியையும் பொறுப்பாளி ஆக்கியது. ஆனால் அந்தக் காயம் மரணத்திலோ நிரந்தரமான முழு ஊனத்திலோ முடிந்தால், மூடியை அவனே கழற்றியிருந்தாலும் நஷ்டஈட்டை மறுக்க முடியாதிருந்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஒரு மனிதன் தன் தவறுக்கு ஒரு வாரக் கூலியை இழக்கலாம். அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் ஆயுள் முழுவதும் இழக்கலாகாது என்பதே இதன் பின்னுள்ள எண்ணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். இரண்டு விரல்கள் மடங்காமற்போன அந்த இளைஞனுக்கு இந்தச் சட்டத்திலிருந்து என்ன கிடைத்திருக்கும் என்று கேட்க அன்று யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, என் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

கைத்தொழில்கள் தேய்ந்து வருவதைப் பற்றிக் கவலைப்படுவோர் இன்று நிறையப் பேர். நல்ல தச்சர் கிடைக்கவில்லை, தூக்குக்குண்டு விட்டுச் சுவரெழுப்பத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை என்னும் அங்கலாய்ப்பு கல்யாண வீடுகளில்கூடக் கேட்கிறது. அவர்களில் சிலர், அந்தக் காலத்தில் கவசம் ஏது, கையுறை ஏது, எல்லாவற்றையும் விதி விதி என்று கெடுத்துவிட்டோம், இளைஞர்களுக்குத் தைரியமும் பொறுப்பும் போய்விட்டன என்று முடிக்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. விதிகளில் சில, வேலையை அறியாதவர்கள் மேஜைக்கு முன்னால் அமர்ந்து எழுதியவைதாம். லேத் பட்டறையில் சுழலும் உருப்படிக்குப் பக்கத்தில் கையுறை போடுவது கையைக் காப்பதற்குப் பதிலாக இழுத்துக்கொண்டு போய்விடும். தோளில் துண்டும் தொங்கும் சட்டைக் கையும் ஆகாது என்பது அங்கே பாலபாடம். அதை அறியாத ஓர் அதிகாரி எல்லோருக்கும் பொதுவாகக் கையுறை உத்தரவிட்டால், அனுபவசாலி உதட்டைப் பிதுக்குவார். அதோடு, சரியான விதிகளின் மேலும் அவருக்கு மரியாதை போய்விடும். மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம் கொண்டாடும்போது புகைப்படத்துக்காக எல்லோர் தலையிலும் ஏறும் மஞ்சள் கவசம், மறுநாள் காலையில் சிமென்ட் அறையின் ஆணியில் தொங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் தொழில் தேய்ந்ததற்கு விதி காரணம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. பெரிய கொத்தனாருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் வேன் ஓட்டுகிறார், மற்றவர் ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறார். ஏன் இந்த வித்தையைச் சொல்லித்தரவில்லை என்று ஒரு முறை கேட்டேன். மழைக்காலத்தில் வேலை கிடையாது, ஐம்பது வயதில் முழங்கால் போய்விடுகிறது, பெண் கேட்டுப் போனால் பையன் என்ன வேலை என்று கேட்டதும் முகம் மாறுகிறது என்று மூன்று காரணங்கள் சொன்னார். தலைக்கவசமோ இடைவாரோ அவர் சொன்ன காரணங்களில் இல்லை. விதிகள் மிகுந்ததால் ஓடிப்போனவர்கள் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது. முதுகும் மூச்சும் மானமும் போகும் தொழிலில் பிள்ளையை விட மனமில்லாத தகப்பன்மார்களை நூறு பேர் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கைத்தொழிலின் வீழ்ச்சியைப் பற்றித் தமிழ்நாட்டில் யார் கண்ணீர் வடித்தாலும், அந்தத் தொழில் பிறப்பினால் ஒருவன் தலையில் கட்டப்பட்ட வரலாற்றை ஒதுக்கிவிட்டு வடிக்கக்கூடாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்று அமைந்தபோது, குலக்கல்வித் திட்டம் என்று நாடு கொதித்தெழுந்து, 1954-இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்தக் கொதிப்பு நியாயமானது. தகப்பன் தொழிலைப் பிள்ளை விட்டது பல வீடுகளில் விடுதலை. பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்கும் வேலை முற்றிலும் அழிந்தே தீரவேண்டும்; பாதுகாப்புச் சாதனமின்றி அதில் ஆளை இறக்கலாகாது என்று 2013-ஆம் வருஷத்துச் சட்டமும், 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சொல்லின, ஆனால் அந்த வேலைக்கு நல்ல கையுறை தேடினால் போதாது, அந்த வேலையே ஒழியவேண்டும். ஆகவே எந்தத் தொழில் தேயலாம், எந்தத் தொழில் தழைக்கவேண்டும் என்ற பாகுபாடு தெரியாமல் பழமைக்கு ஏங்குவதில் பயனில்லை. அதோடு, சித்தாளாக மண் சுமக்க வந்த பெண், முப்பது வருஷம் கழித்தும் சித்தாளாகவே தலைச்சுமையோடு வீடு திரும்புகிறாள். அவளோடு கூடவே கையாளாக வந்த ஆண்பிள்ளை ஐந்தாறு வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிறான். கூடவே இருந்து தொழில் கற்ற பழைய குருகுலத்திலும் இத்தகைய கதவுகள் பல பேருக்குச் சாத்தியே கிடந்தன.

ஆனாலும் அந்தக் குருகுலத்தில் ஒரு சிறப்பு இருந்தது. வித்தையும் ஜாக்கிரதையும் அங்கே இரண்டு பாடங்களாக இல்லை. கலவை போடக் கற்கும் பையன், சாரத்தின் அடியில் நிற்கக்கூடாது என்பதையும் கூடவே கற்றான். மணியாசுக்கட்டை பிடிக்கும் முன்னரே ‘பாத்து!’ என்ற குரல் எந்தத் திக்கிலிருந்து வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவன் தேகம் அறிந்திருந்தது. இன்று அந்தப் படிகள் உடைந்துவிட்டன. ஒடிஸாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வரும் இளைஞன், வந்த மறுநாளே ஐந்தாம் மாடியில் நிற்கிறான். அவனுடைய உழைப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் வீடுகளை இன்று எழுப்புகிறவன் அவன். ஆனால் கீழிருந்து ஒருவர் ‘பாத்து!’ என்று கூவினால், அந்தச் சொல் அவனுக்கு வெறும் ஓசை. அபாயத்தை அறிவிக்கும் மிகச் சிறிய சொல்லைக்கூட அவனுக்குக் கற்பிக்காமல் மேலே ஏற்றிவிட்டு, அவன் விழுந்தபின் கவனக்குறைவு என்று எழுதுவது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அயல் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்களில் அதிகம். அந்த 61 பேரில் ஒவ்வொருவரும் பெரிய கொத்தனாரைப் போல விடியற்காலையில் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்கள். தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தீர்மானித்த காகிதம் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை.

பொறுப்பை அளந்து வைக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: யார் கையில் தீர்மானம் இருந்ததோ அவர் கையில் பொறுப்பின் பெரும்பங்கு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் இயந்திரத்துக்கு வேலியிடும் கடமையை ஆலையின் பேரிலும், வேலியைச் சேதப்படுத்தாதிருக்கும் கடமையைத் தொழிலாளியின் பேரிலும் தனித்தனியே சுமத்தியது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1987-இல் அதைத் திருத்தி, தொழிலாளரின் பத்திரத்துக்கு ஆலையின் உடைமையாளரே பொதுப் பொறுப்பாளி என்று வெளிப்படையாக எழுதினார்கள். எவ்வளவு அவகாசம் என்பதும் அத்தகைய ஒரு தீர்மானமே. 1918-இல் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் சென்னையில் தொழிலாளர் சங்கம் கண்ட காலத்தில், ஆலைத் தொழிலாளிகள் சொன்ன முதற் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு அவகாசம் போதவில்லை என்பது. அவகாசம் என்பது அன்றும் சாதாரண விஷயம் அல்ல. அவசரத்தில் விழுங்கிய சோற்றோடு ஓடிவந்து இயந்திரத்தின் முன் நிற்பவனிடம் நிதானத்தை எப்படிக் கேட்பது?

இந்தச் சட்டங்களெல்லாம் ஆலையின் வாசலில் நிற்கின்றன. நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. 1996-ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டையும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. என் வீடு அந்தத் தொகைக்குள் அடங்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இந்த வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. விலைவாசி ஏறியதை நான் அறிவேன். ஆனால் சிற்றூர்களிலும் சிறு பட்டணங்களிலும் எழும்பும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 50 லட்சத்துக்கு உட்பட்டவை. அங்கே சாரத்தைப் பார்வையிட ஒருவரும் வரப்போவதில்லை. இன்ஸ்பெக்டரை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அனுப்ப முடியாது என்று வாதிக்கலாம். ஆனால் கட்டட வரைபடத்துக்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ விண்ணப்பிக்கத்தானே வேண்டியிருக்கிறது! சாரத்துக்கும் கவசத்துக்கும் சரியான கருவிகளின் வாடகைக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனி வரியாகக் காட்டி, வேலை செய்கிறவர்கள் நலவாரியத்தில் பதிவு பெற்றவர்கள் என்பதையும் அந்த இடத்திலேயே காட்டச் சொன்னால், பேரம் பேசும்போது என்னைப் போன்றவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியாக இராது. தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று சட்டம் இயற்றி, 1994-இல் கட்டடத் தொழிலாளருக்கு நலவாரியம் கண்டோம். இறந்தபின் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரும் வழியை அமைத்த நாம், இறக்காமலிருக்க வழி அமைப்பதில் பின்தங்கிவிட்டோம்.

பத்திரமாகச் செய்யக்கூடியதாக ஒரு தொழிலை ஆக்கினால் அதற்கு ஆள் வரும் என்பதற்கு அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததைச் சொல்லலாம். தென்னை மரம் ஏற ஆளில்லாமல் அங்கே காய்கள் மரத்திலேயே முற்றி உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம், ‘தென்னையின் தோழர்கள்’ என்ற கருத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. காலால் மிதித்து மிதித்து ஏறும் கருவி ஒன்றைக் கண்ணூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தார். அத்தகைய கருவியைக் கையில் கொடுத்து, ஆறு நாள் பயிற்சி தந்து, இன்ஷூரன்ஸும் செய்து கொடுத்தார்கள். ஒரு குறிப்பிட்ட சாதியாரின் வேலை என்று இகழப்பட்டு வந்த அந்தத் தொழிலுக்கு எல்லாச் சாதி இளைஞர்களும் வந்தார்கள். பெண்களும் வந்து கற்று மரம் ஏறினார்கள். அந்தத் திட்டத்தில் குறைகள் இல்லை என்று சொல்லமாட்டேன். பயிற்சி பெற்றவர்களில் எல்லோரும் தொழிலில் நிலைத்துவிடவில்லை. ஆயினும், பாதுகாப்பு வந்தால் தொழில் மாளும் என்ற பேச்சுக்கு நேர்மாறான காட்சியை அங்கே கண்ணால் காணலாம்.

நம் பக்கத்திலும் வித்தை இன்னும் முழுவதும் மாண்டுவிடவில்லை. அறுபது எழுபது வயதில், முழங்கால் வீங்கி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கொத்தனார்களும் தச்சர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ரசமட்டத்தின் குமிழியைப் பார்க்காமலே சுவர் சாய்வதைச் சொல்லும் கண்கள் அவை. அவர்களில் ஒருவரையாவது ஆசிரியர் என்று மதித்து, சம்பளம் கொடுத்து, தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அழைத்துவரும் வழி நம் விதிகளில் எளிதாக இல்லை; சான்றிதழ் கேட்பார்கள். ஐம்பது வருஷம் விழாமல் நின்றதற்குச் சான்றிதழ் எந்த அலுவலகம் கொடுக்கும்?

சென்ற ஆண்டு அதே வீட்டின் மேல் ஓர் அறை எழுப்பினேன். இந்த முறை இரும்புக் குழாய்ச் சாரம். கருவி வாடகையைத் தனியாக எழுதித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் நானே கேட்டு வாங்கினேன். அவர் சற்று வியப்போடு பார்த்தார். வேலைக்கு வந்தவர்களில் இருவர் ஒடிஸாக்காரர்கள். முதல் நாள் காலை பெரிய கொத்தனார் கைத்தடியோடு மெதுவாக நடந்து வந்து, யாரும் அழைக்காமலே, சாரத்தைச் சுற்றி வரத் தொடங்கினார். குழாய்களைத் தோளால் முட்டினார். மூன்றாவது நிலைக்குழாயில் நின்றுவிட்டார். குறுக்குக் குழாயைப் பிடிக்கும் கிளாம்பில் பெருவிரலை வைத்து ஓர் அசைப்பு, அது அசைந்தது. பக்கத்தில் நின்ற ஒடிஸாப் பையனுக்கு அவர் பேசுவது புரியாது, அவன் பேசுவது அவருக்குப் புரியாது. அவனுடைய வலக்கையைப் பிடித்து, பெருவிரலை அந்த நட்டின் மேல் வைத்து, தாமும் அதன் மேல் விரலை வைத்து அசைத்துக் காட்டினார். பையன் போய் ஸ்பானர் கொண்டுவந்து முறுக்கினான். அவர் தலையசைத்துவிட்டு நாலாவது குழாயை நோக்கி நகர்ந்தார். அதற்குள் பையன் முன்னால் போய், தன் பெருவிரலை அங்கே வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.